அண்ணன் முறை

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு பேக்கரியில், பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை மதியம், முத்துராஜ் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். அதற்கு அவனுக்கு ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

எதிரில் தமிழ்மதி உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் இரண்டு முட்டை பப்ஸ், இரண்டு காபி, ஒரு தண்ணீர் பாட்டில். வெளியே சுற்றுலா வேன்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பப்ஸின் மேல்தோலை மட்டும் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அவன் கைகள் இரண்டும் ஜெர்க்கின் பைக்குள் இருந்தன. ஒரு வாரமாக வீட்டில் விதைப்பூண்டு பிரித்த கை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும், காபித்தூள் போட்டுத் தேய்த்தும் அந்த வாடை போகவில்லை. எதிரில் இருப்பவளும் பூண்டுக்காரர் வீட்டுப் பெண்தான், அவள் கையிலும் அதே வாடைதான் இருக்கும் என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை.

"உண்மையச் சொல்லு. இ-சேவையில சோலி பன்னெண்டு மணிக்கே முடிஞ்சிருச்சு. பஸ்ஸு ரெண்டரைக்கு. பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருக்கலாம்ல. எதுக்கு இங்க கூட்டியாந்த?" என்று கேட்டாள் தமிழ்மதி. கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டாள்.

இந்தக் கேள்விக்கான பதிலை முத்துராஜ் பதினோரு நாட்களாகத் தயார் செய்து வைத்திருந்தான். 'உன்கூடக் கொஞ்ச நேரம் பேசணும்னு தோணுச்சு.' அவ்வளவுதான் பதில். அதைச் சொல்வதற்காக வாயைத் திறந்தபோது தோளில் ஒரு கனமான கை விழுந்தது. பாலமுருகன். பூம்பாறைக்காரர், இவர்கள் ஊரான கவுஞ்சியிலிருந்து கேரட்டை லாரியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோகிறவர், முத்துராஜின் அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்தவர். அவர் முத்துராஜைப் பார்த்தார், பப்ஸைப் பார்த்தார், தமிழ்மதியைப் பார்த்தார்.

"ஏலே முத்துராசு, இங்க எங்கடா? இது யாரு?"

"தங்கச்சிண்ணே."

யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்கிறவனாக இருந்தால் 'கூடப் படிக்கிற பொண்ணு' என்று சொல்லியிருக்கலாம். 'எங்க ஊருப் பொண்ணு' என்று சொல்லியிருக்கலாம். இரண்டுமே உண்மை. ஆனால் பயத்தில் வாய் எந்தப் பக்கம் பழகியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஓடும். தமிழ்மதி பப்ஸைத் தட்டில் வைத்துவிட்டாள். பாலமுருகனுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் தங்கச்சிக்கு நானும் ஏதாவது வாங்கித் தர வேண்டாமா என்று சொல்லி இரண்டு ஹனி கேக் வாங்கி வந்து, மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் டீசல் விலையைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் எழுந்தார். தமிழ்மதி அவருக்கு மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே ஹனி கேக்கை முழுசாகச் சாப்பிட்டாள். முத்துராஜ் பக்கம் திரும்பவில்லை.

பஸ்ஸில் அவள் முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவன் கடைசி சீட்டில் இரண்டு உர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பூம்பாறை, மன்னவனூர் என்று வழி நெடுகிலும் அவள் பின்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். பின்னல் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கவுஞ்சியில் இறங்கி, பஸ் கிளாவரை ஊரைப் பார்த்துப் போன பிறகு, அவள் ஒரு நிமிடம் நின்றாள்.

"சொல்றதுக்கு முன்னால என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல," என்றாள். பிறகு அவர்கள் தெருவுக்கு இறங்கும் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? முத்துராஜ் அன்று இரவுச் சாப்பாட்டில் ரசத்தின் மேல் மோரை ஊற்றிக்கொண்டான். அம்மா பாண்டிச்செல்வி பார்த்துவிட்டுப் பரீட்சை பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த 'டேட்டிங்' யோசனை முத்துராஜுடையது அல்ல. அது ராஜமுருகன் கொடுத்தது. ராஜமுருகன் அவனுடைய பெரியம்மா மகன், அய்யம்பாளையத்துக்காரன், இருபத்திரண்டு வயது. மூன்று வருடமாகக் கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் ரூம் பாயாக இருக்கிறான். ஜோடி ஜோடியாக வருகிறவர்களுக்கு வெந்நீரும் ஆம்லெட்டும் கொண்டுபோய்க் கொடுத்தே காதலில் கரைகண்டவன் ஆகிவிட்டான். அவன் இதுவரை எந்தப் பெண்ணோடும் ஒரு காபி குடித்ததில்லை என்பது வேறு விஷயம். டேட்டிங் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை, இரண்டு பேரும் வேறு சோலி இல்லாமல் ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என்று அவன் விளக்கினான். முத்துராஜுக்கு இதுவே மலைப்பாக இருந்தது. கவுஞ்சியில் சோலி இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களை அவன் பார்த்ததே இல்லை. காய்ச்சல்காரர்கள்கூடப் பட்டாணி உரிப்பார்கள்.

பதினேழு வயது. போன ஒரே வருடத்தில் முக்கால் அடி வளர்ந்துவிட்டான். பேன்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது. கதவு நிலைகள் எல்லாம் அவன் நெற்றியில் இடித்தன. குரல், நல்ல நேரத்தில் அப்பா குரல் மாதிரியும் கெட்ட நேரத்தில் ஆட்டுக்குட்டி மாதிரியும் வந்தது. கெட்ட நேரம் என்றால் பெரும்பாலும் தமிழ்மதி பக்கத்தில் இருக்கும் நேரம். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படிக்கிறவள்தான். மூக்கு ஒழுகியபடி சிலேட்டுக்குச் சண்டை போட்டவள்தான். போன மழைக்காலத்தில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், செருப்பில் அப்பிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே அவள் ஏதோ ஒரு கணக்கை விளக்கிக்கொண்டு வந்தாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது முத்துராஜுக்கு நெஞ்சில் ஒன்று சட்டென்று இடம் மாறியது. அன்றிலிருந்து அது பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நாலு பேர் போவதாக இருந்து, இரண்டு பேர் வரவில்லை என்று சொல்லிவிட, மிஞ்சியவர்கள் இவர்கள் இருவர். தமிழ்மதியின் அம்மா சண்முகவள்ளி ஒரு மறுப்பும் சொல்லவில்லை. "முத்துராசு அண்ணன்கூடத்தான போற, வெள்ளனே போயிட்டு வா," என்று இருபது ரூபாய் கூடவே கொடுத்து அனுப்பினாள். கஷ்டமும் அங்கேதான் இருந்தது.

கவுஞ்சியில் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட முடியாது. ஒவ்வொரு ஆளும் இன்னொரு ஆளுக்கு ஏதாவது ஒரு முறை. அந்த முறையைப் பிடித்துக்கொண்டுதான் யார் வீட்டு அடுப்படி வரை போகலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும், யாரைக் கேலி செய்யலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம். முத்துராஜ் பேசப் பழகிய நாளிலிருந்து தமிழ்மதியின் அப்பா மலைச்சாமியை 'சித்தப்பா' என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறான். மலைச்சாமி அவன் அப்பாவை 'அண்ணே' என்று கூப்பிடுகிறவர். அண்ணன் மகனுக்கு அவர் சித்தப்பா. சித்தப்பா மகள் தங்கச்சி. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இவனும் பதினாறு வருடம் சந்தேகப்பட்டதில்லை.

ராஜமுருகனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான். ஒரு சாரி மெசேஜ் போட்டு, கீழே ஒரு ஹார்ட் போடு, தீர்ந்தது என்றான் அவன். முறை ஒன்று இருக்கிறதே என்றபோது, லவ்வுக்கு என்னடா முறை, இங்கே வருகிறவர்கள் யார் முறை பார்க்கிறார்கள் என்று சிரித்தான். முத்துராஜ் 'சாரி' என்று அடித்தான். ஹார்ட் போடத் தைரியம் வராமல் கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டு அனுப்பினான். பஞ்சாயத்துத் தேர்தலில் ஓட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது. இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை.

கொடைக்கானலுக்கு வருகிற ஜோடிகளுக்கு எல்லாம் எளிது என்று அன்று அவனுக்குப் பட்டது. அவர்கள் ஊர் வேறெங்கோ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி ஏறினால் யாரும் அவர்களை யாருக்கு யார் என்ன முறை என்று கேட்கப் போவதில்லை. இவனுக்கு அப்படியா? ராஜமுருகனின் பாடத்தில் தேறினாலும் இந்தச் 'சித்தப்பா'வைத் தாண்டி ஒரு அடி நகர முடியாது. இன்னும் ஐந்தாறு வருடத்தில் அவளுக்குக் கல்யாணம் என்று வந்தால், அண்ணன் முறையில் பந்தலில் நின்று சந்தனம் கொடுப்பவன் இவன்தான். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடச் சொல்வார்கள். பந்தியில் சாம்பார் வாளி தூக்கச் சொல்வார்கள். சாம்பார் வாளியோடு தன்னைக் கற்பனை செய்து பார்த்தபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது பக்கத்தில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

நான்கு நாள் கழித்து இ-சேவை மையத்திலிருந்து மெசேஜ் வந்தது. அப்பாவின் பழைய சான்றிதழ் ஒன்று வேண்டுமாம். அது பரணில் இருக்கும் தகரப் பெட்டியில் கிடக்கும், தேடிப் பார் என்றாள் அம்மா. பரண் முழுக்கப் பூண்டுக் கட்டுகள். அவற்றை ஒதுக்கிப் பெட்டியை இறக்கித் திறந்தபோது, சான்றிதழுக்கு மேலே அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பம் இருந்தது. இதற்கு முன்னால் பார்த்ததுதான், ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் போல அப்பாவின் மீசையைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடி வைத்தவன். இந்தத் தடவை தாலி கட்டும் படத்தில் கண் நின்றது. அப்பா குனிந்து கட்டுகிறார். அம்மாவின் பின்னால் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். முடிச்சுப் போடுவது நாத்தனார் செய்கிற காரியம், மாப்பிள்ளையின் அக்காவோ தங்கச்சியோதான் செய்வார்கள். அப்பாவுக்குத்தான் கூடப்பிறந்த பெண்ணே கிடையாதே. முகத்தை உற்றுப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொள்ளும் விதம் தெரிந்த விதமாக இருந்தது. கஷ்டமான கணக்குப் போடும்போது தமிழ்மதியும் அப்படித்தான் கடித்துக்கொள்வாள்.

அம்மாவிடம் படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டான். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றான். அது ஆட்டுக்குட்டியாக வந்தது.

"உங்க சண்முகவள்ளி சித்திதான்," என்றாள் பாண்டிச்செல்வி, கீரையை ஆய்ந்துகொண்டே. "கெளாவரைல உங்கப்பாவோட பெரியம்மா மக. இவருக்குத்தான் கூடப்பொறந்தது இல்லையே, அதான் முடிச்சுப் போட அவளக் கூட்டியாந்தாங்க. அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்த மனுசன்தான் உங்க சித்தப்பன். பந்தலுக்குக் குச்சி நட்டாரோ இல்லையோ, அவளையே பாத்துக்கிட்டு நின்னாரு. மறு வருசம் கட்டிக்கிட்டாரு."

முத்துராஜ் கீரைக்கட்டைப் பார்த்தபடி கணக்குப் போட்டான். அப்பாவுக்குப் பெரியம்மா மகள் என்றால் தங்கச்சி. அப்பாவின் தங்கச்சி என்றால்…

"அப்ப அவங்க அத்தையில்ல?"

பாண்டிச்செல்வியின் கை நின்றது. அவள் மகனை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். முக்கால் அடி வளர்ந்ததை அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அத்ததான்," என்றாள் மெதுவாக. "உங்க சித்தப்பன் சின்ன வயசுலருந்து இவர அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டுப் பழகிட்டாரு. தங்கச்சியக் கட்டுனதுக்கு அப்புறம் மச்சான்னு மாத்தியிருக்கணும். ஊரு சிரிக்கும்னு வெக்கப்பட்டுக்கிட்டு அப்படியே விட்டுட்டாரு. நீ பொறந்தப்ப அவளும் புருசன் கூப்பிடுற வழியிலயே சித்தின்னு சொல்லிக் குடுத்தா. யாரு கண்டா, இதெல்லாம் ஒரு நாளு கேள்வியா வரும்னு." பிறகு கீரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டாள். பதினாறு நாள் என்றான். அப்படியானால் போய்ப் படி என்றாள்.

அவன் படித்தான் என்று சொல்ல முடியாது. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு 'மாமா' என்று சொல்லிப் பார்த்தான். எத்தனையோ பேரை மாமா என்று கூப்பிடுகிற வாய்தான், இந்த ஒரு ஆளை நினைத்துச் சொல்லும்போது மட்டும் உதடு ஒட்டிக்கொண்டது. தோட்டத்தில் முட்டைக்கோசுகளைப் பார்த்துச் சொன்னான். மூட்டை சுமக்கிற குதிரையைப் பார்த்துச் சொன்னான். கேட்பதற்கு எளிதான சொல். ஆனால் மலைச்சாமி முன்னால் அதைச் சொன்னால், அது வெறும் கூப்பிடுவதாக இருக்காது. உங்கள் பெண்ணை இனிமேல் நான் தங்கச்சியாக நினைக்க மாட்டேன் என்று ஊர் கேட்கச் சொல்வதாக இருக்கும். அவர் கோபப்பட்டால் அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்க முடியாது. கோபப்படாவிட்டாலும் நஷ்டம் இருக்கிறது. இன்று நினைத்த நேரத்தில் அவர்கள் அடுப்படி வரை போய்த் தண்ணீர் மொண்டு குடிக்கிறவன் அவன். கூடக் கொடைக்கானலுக்கு அனுப்பியதும் அண்ணன் என்ற நம்பிக்கையில்தான். முறை மாறிய அன்றே அந்தக் கதவெல்லாம் சாத்திக்கொள்ளும். வாயை மூடிக்கொண்டு அண்ணனாகவே இருந்தால் தினமும் பார்க்கலாம், பேசலாம், கணக்குக் கேட்கலாம். கடைசியில் சாம்பார் வாளி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைச்சாமி காட்டில் பூண்டு பிடுங்கினார்கள். ஒரு வீட்டில் பூண்டு பிடுங்கினால் மற்ற வீட்டுக்காரர்களும் போய் நிற்பது வழக்கம். முத்துராஜும் அப்பா அம்மாவோடு போனான். காலையில் புல் மேல் வெள்ளையாக உறைபனி கிடந்தது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் எல்லோரும் சுவெட்டரைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கினார்கள். படிப்படியாக இறங்குகிற நிலம். மேல் பாத்தியில் அப்பா முருகானந்தம் குதிரையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அதே பாத்தியின் ஓரத்தில் அம்மாவும் சண்முகவள்ளியும் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுப்பாத்தியில் தமிழ்மதியும் இன்னும் நாலைந்து பெண்களும் ஒரு வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வரிசையில் ராக்காயியும் இருந்தாள். ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்பதை மூன்று தலைமுறைக்குப் புரட்டிச் சொல்லக்கூடிய பெண்பிள்ளை. கல்யாணம் பேசுகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் அவளிடம்தான் போவார்கள். இவளை இன்றைக்கென்று பார்த்து வரச் சொன்னது யார் என்று முத்துராஜ் நொந்துகொண்டான்.

தமிழ்மதி அவனைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்தாள். மண்ணைக் கொத்தி, தாளைக் கூட்டிப் பிடித்து, ஒரே இழுப்பில் பூண்டை வெளியே எடுத்து, மண்ணை உதறி வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். எட்டு நாளாக அவள் அவனிடம் பேசவில்லை. பேசாமல் இருப்பதை மற்றவர்கள் கவனிக்கும்படியாகவும் அவள் செய்யவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பதினோரு மணி சுமாருக்கு மலைச்சாமி மூட்டை வாயைக் கட்டுவதற்காகக் குனிந்தவர், கயிறு எட்டாமல் நிமிர்ந்தார். குட்டையான, உறுதியான மனிதர். யாரிடமும் அதிகம் பேசமாட்டார்.

"ஏலே முத்துராசு, அந்தக் கயித்த இங்கிட்டு எடு."

கயிறு முத்துராஜின் காலடியில் கிடந்தது. எடுத்தான். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப் போவதில்லை என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"இந்தா கொண்டாறேன் மாமா."

பூண்டு பிடுங்கும் சத்தம் நின்றது. அப்படி ஒரு சத்தம் அதுவரை இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. ராக்காயி பிடித்த தாளை விடாமல் தலையைத் தூக்கினாள். மேல் பாத்தியில் அம்மா மட்டும் ஒன்றும் கேட்காதவள் போல முன்னைவிட வேகமாகக் கட்டுக் கட்டினாள். மலைச்சாமி நின்ற வாக்கிலேயே திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொன்ன?"

"கயிறு… மாமா." இரண்டாவது தடவை ஆட்டுக்குட்டியாக வந்தது. இருந்தாலும் வந்துவிட்டது. அவன் கயிற்றை நீட்டிக்கொண்டு நின்றான்.

ராக்காயிதான் முதலில் பேசினாள். யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், விரல் விட்டு எண்ணியபடி, கிளாவரை வழியில் பார்த்தால் சண்முகவள்ளி இவனுக்கு அத்தை, அத்தை புருசன் மாமன்தானே, பையன் சரியாகத்தான் கூப்பிடுகிறான் என்றாள். சொல்லிவிட்டுப் பூண்டைப் பிடுங்கினாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. மலைச்சாமிக்கு முடியவில்லை. அவர் மேல் பாத்தியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, உங்க மகன் என்னய மாமாங்கிறான்."

முருகானந்தத்தின் கவனமெல்லாம் நிற்காமல் தலையை ஆட்டுகிற குதிரையில் இருந்தது. "அப்படித்தானப்பா கூப்பிடணும்," என்றார் அங்கிருந்தே. "நீதான் இத்தன வருசமா தப்பாக் கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்க."

பெண்கள் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மலைச்சாமியின் கழுத்திலிருந்து காது வரை கறுத்த தோலிலும் சிவப்பு ஏறியது. பந்தலுக்குக் குச்சி நட வந்த அன்றைக்கும் இப்படித்தான் சிவந்திருப்பார் என்று முத்துராஜுக்கு ஏனோ பட்டது. அந்த நினைப்பில் அவர் மேலிருந்த பயம் பாதியாகக் குறைந்தது. அவர் கயிற்றை வாங்கிக்கொண்டார். உடனே கட்டவில்லை. கையில் வைத்து இரண்டு மூன்று தடவை சுருட்டிப் பிரித்தார்.

"பரீட்சைக்கு எத்தன நாளு கெடக்கு?" என்று கேட்டார்.

"பன்னெண்டு நாளுங்க."

"மூட்டைய ஏத்திட்டு வெரசாப் போயிப் படி." பிறகு, மூட்டை வாயைக் கட்டியபடி, அவனைப் பார்க்காமல் சொன்னார்: "இனிமே கொடைக்கானலுக்குப் போறதுன்னா தமிழு அவுக அம்மாகூடப் போவா."

முத்துராஜ் தலையாட்டினான். கதவு சாத்தியாகிவிட்டது. அவன் பயந்தபடியேதான் நடந்தது. பஸ்ஸில் சேர்ந்து போவது, பேக்கரி, காபி எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தோடு போயிற்று. ராஜமுருகன் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான். ஆனாலும் முத்துராஜுக்குச் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு சந்தோஷம் என்றால், ஐம்பது கிலோ மூட்டையை அவன் ஒரே மூச்சில் தோளில் ஏற்றிவிட்டான். தங்கச்சிக்கு அண்ணனாக இருப்பவனைப் பார்த்து யாரும் கதவைச் சாத்துவதில்லை. தன்னைக் கண்டு சாத்தவேண்டும் என்று ஒரு மனிதருக்குத் தோன்றிவிட்டதே, அதுவே போதும் என்று இருந்தது.

மூட்டையை மேலே அப்பாவிடம் கொடுத்துவிட்டு இறங்கி வரும்போது தமிழ்மதி வரப்போரம் வந்திருந்தாள். வரிசையில் கடைசி ஆளாகப் பிடுங்கிக்கொண்டிருந்தவள் எப்படி முதல் ஆளாக வரப்புக்கு வந்தாள் என்று தெரியவில்லை. தலையை நிமிர்த்தாமல், பூண்டில் ஒட்டிய மண்ணை உதறிக்கொண்டே பேசினாள்.

"எங்கப்பாவ மாத்திட்ட. எங்கம்மாவ என்னன்னு கூப்பிடப் போற?"

"அத்தை."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற. அங்க கூப்பிடு பாப்போம்."

"இப்பவா?"

"பின்ன, பரீட்ச முடிஞ்சா?"

அவன் மேல் பாத்தியைப் பார்த்தான். சண்முகவள்ளி முதுகைக் காட்டிக் குனிந்து, தாளைத் திரித்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். பேசத் தெரிந்த நாள் முதலாக அவன் பசித்தால் 'சித்தி' என்று கூப்பிட்ட மனுஷி. தன் கையால் எத்தனை தடவை அவனுக்குத் தலை சீவிவிட்டிருப்பாள், முதுகில் போட்டிருப்பாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அப்பாவின் குரல் வரவேண்டும் என்று எந்தச் சாமியிடம் வேண்டுவது என்று தெரியாமல் எல்லாச் சாமிகளையும் ஒட்டுமொத்தமாக நினைத்துக்கொண்டான்.

"அத்தை!"

அப்பாவின் குரலே வந்தது. தேவைக்கு மேல் சத்தமாகவும் வந்தது. எதிர்ச் சரிவில் உருளைக்கிழங்குக் காட்டில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். சண்முகவள்ளி கட்டைக் கீழே போட்டுவிட்டு மெல்ல நிமிர்ந்தாள். வெயிலுக்கு நெற்றியில் கை வைத்துக் கீழே பார்த்தாள். பிறகு, மருமகன் முறை உள்ளவர்கள் முன்னால் பெண்கள் செய்கிற மாதிரி, இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை உருவித் தோளைச் சுற்றிப் போர்த்துக்கொண்டாள்.

"என்னங்க தம்பி?" என்றாள்.

என்ன சொல்வது? கூப்பிட வேண்டும் என்பது வரைதான் அவன் யோசித்திருந்தான். எதற்குக் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. மேலே சண்முகவள்ளி போர்த்திய முந்தானையைப் பிடித்தபடி பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். கீழே, அவன் காலடியில், தமிழ்மதி பூண்டுத் தாள்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாத சிரிப்பில் அவள் தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டே இருந்தன.